கொன்றவர் யார்? மலாக்காத் தமிழரிடையே கதை ஊகங்கள் வளர்ந்த தடம்

மலாக்கா சுல்தான் மகமூது ஷா, குனோங் லேடாங் மலையின் இளவரசியைப் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். மலை ஏறிப் போன துன் மாமாட்டிடம் ஒரு கிழவி பரிசப் பட்டியலைச் சொல்கிறாள். மலாக்காவிலிருந்து மலை வரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம், கடைசியாகச் சுல்தானுடைய இரத்தத்தில் ஒரு கிண்ணமும் அவர் மகனுடைய இரத்தத்தில் ஒரு கிண்ணமும். பழைய மலாய் அரச வரலாறான ‘செஜாரா மெலாயு’ இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் போகிற போக்கில் ஒரு வார்த்தை சேர்க்கிறது: அப்படிப் பேசிய கிழவி வேறு யாருமல்ல, உருமாறி வந்த இளவரசிதான் என்று கதை வழங்குகிறதாம். 1612ஆம் ஆண்டு என்று முன்னுரையில் காலம் குறிக்கப்பட்ட ஏட்டிலேயே, கதை கேட்டவர்களின் ஊகம் கதையோடு சேர்த்துப் பதிவாகியிருக்கிறது.

அந்த மலையின் அடிவாரத்தில்தான் அசகான் இருக்கிறது. 1896இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை வணிகத்துக்கென நட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டங்களில் அதுவும் ஒன்று. அடுத்து அவர் பெரும் பரப்பில் ரப்பர் பயிரிட்ட இடம் புக்கிட் அசகான். அந்தப் பால்மரங்களை வெட்டக் கங்காணிகள் கூட்டிவந்த தமிழர்கள் தங்கள் கதைகளையும் உடன் கொண்டுவந்தார்கள். அதற்கு நெடுங்காலம் முன்பே காஜா பேராங்கில் வேரூன்றிய மலாக்காச் செட்டிகளின் வீட்டுமொழி மலாயாகிவிட்டது. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலைக் காத்த அவர்களுடைய கதைமரபு பந்துன் பாட்டின் வழி வளர்ந்தது. ஆகவே இக்கட்டுரை பின்தொடர்வது தோட்டத்துத் தடத்தை மட்டுமே.

தோட்ட லயங்களில் முதலில் புழங்கியவை பெரிய எழுத்துப் புத்தகங்கள்: அல்லி அரசாணி மாலை, மதனகாமராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் விளக்கடியில் ராகம் போட்டுப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். விக்கிரமாதித்தன் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தால், எப்படிப் பாய்ந்தான் என்று எவரும் கேட்பதில்லை. மாயம் அங்கே மழை, வெயில் மாதிரி, இருப்பது இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேட்போரை வாய்மூடி உட்கார்ந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு புதிரைப் போட்டுவிட்டுத்தானே முருங்கைமரம் ஏறுகிறது? இந்தப் பெண் யாருக்கு உரியவள், இவர்களில் உயர்ந்தவன் யார் என்று கேட்டால் லயமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். அங்கே எழும் வழக்கு நியாயத்தைப் பற்றியது. என்ன நடந்தது என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. நடந்தது சரியா என்பதில்தான் சண்டை.

மலாக்கா மண்ணின் சொந்த வழக்கும் இதே வகைதான். அரசனுக்காக நண்பனையே கொன்ற ஹங் துவா செய்தது சரியா, நண்பனுக்காக அரசனை எதிர்த்த ஹங் ஜெபாட் செய்தது சரியா? 1959இல் காசிம் அகமது தம் ஆய்வேட்டில் ஜெபாட்டின் பக்கம் நின்றபோது மலாய் இலக்கிய உலகம் அதிர்ந்தது. மலாய்ப் பாடப்புத்தகத்தில் ஹங் துவாவைப் படித்த தோட்டத்துப் பிள்ளைக்கும் அந்த வழக்கு தெரியும். ஒரு வேடிக்கையும் உண்டு: ‘ஹிக்காயாட் ஹங் துவா’வில் ஹங் துவா கொல்வது ஜெபாட்டை, ‘செஜாரா மெலாயு’விலோ அவன் கொல்வது இன்னொரு நண்பனான ஹங் கஸ்தூரியை. மலாக்கா நகரின் பழைய தெருக்களில் இருவர் பேராலும் கல்லறைகள் இருக்கின்றன.

நியாயம் எது என்ற கேள்வி, நடந்தது என்ன என்ற கேள்வியாகத் தமிழ் வாசகரிடம் மாறியது எப்போது? என் கணிப்பில் அதற்கு நாள் குறித்தே சொல்லலாம். 1950 அக்டோபர் 29இல் ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியது; 1954 மே 16இல் முடிந்தது. மூன்றரை ஆண்டுகள், வாரம் ஒரு முறை. மாயாஜாலக் கதைகளில் ஊறிய வாசகருக்குக் கல்கி முதலில் பழைய சரக்கையே காட்டுகிறார். கடம்பூர் மாளிகையில் குரவைக்கூத்தும் வேலனாட்டமும் நடக்கின்றன. தேவராளன் மேல் அருள் வந்து, அரச குலத்து இரத்தம் வேண்டும் என்று கேட்கிறது. நோயில் கிடக்கும் சோழ மன்னர் சுந்தர சோழர் முன் நள்ளிரவில் இறந்துபோன பெண்ணின் ஆவி நிற்கிறது. குடந்தை சோதிடர் நாள் பார்க்கிறார். வானத்தில் வால் நட்சத்திரம் நீள்கிறது.

பிறகு ஒவ்வொன்றாக முடிச்சை அவிழ்க்கிறார். சாமியாடிய தேவராளன் பாண்டிய ஆபத்துதவிகளின் சதியில் ஒருவன். ஆவியாக வந்தவள் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி, உயிருள்ள நந்தினி. தன் முகச்சாயலையே ஆயுதமாக்கியவள். யாருடைய ஆவி என்று மன்னர் நினைத்தாரோ அந்த மந்தாகினியும், ‘ஊமை ராணி’, உயிரோடு இருக்கிறாள். வால் நட்சத்திரம் ஒன்றை மட்டுமே கல்கி அவிழ்க்காமல் விட்டார்; அதற்குப் பின்னால் ஆள் யாரும் இல்லை. மாயத்துக்குப் பின்னால் மனிதக் கை இருக்கிறது என்று ஒரு முறை தெரிந்துவிட்டால், வாசகர் அடுத்த மாயத்தை நம்பமாட்டார். அதில் துப்புத் தேடுவார். ஊகம் பிறப்பது அந்த இடத்தில். எந்தக் கட்டும் இல்லாத மாயத்தில் எதுவும் நடக்கலாம் என்பதால் அங்கே ஊகிக்க ஒன்றுமில்லை. மிகுபுனைவு நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன், மாயத்தின் விதி வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுதான் அதைக் கொண்டு கதைச் சிக்கலைத் தீர்க்கலாம் என்று தம் கைத்தொழில் இலக்கணமாகவே சொல்லிவைத்திருக்கிறார். கல்கி இலக்கணம் எதுவும் எழுதவில்லை, செய்து காட்டினார்.

இந்தத் தொடர் வந்த ஆண்டுகள் மலாயாவில் அவசரகாலம். ஊரடங்கு, முள்வேலி, அரிசிக்குக் கட்டுப்பாடு, அந்தி சாய்ந்தால் வெளியே தலைகாட்ட முடியாத நிலை. 1953 செப்டம்பரில் மலாயாவின் முதல் ‘வெள்ளைப் பகுதி’ மலாக்காவில்தான் அறிவிக்கப்பட்டது. கட்டுப்பாடுகள் அங்கே முதலில் தளர்ந்தன. அதற்கு முந்திய இரவுகளில் லயத்து வாசலுக்கு அப்பால் போக வழியில்லாதவர்களுக்குப் படிப்பதும் பேசுவதும் மிச்சமிருந்த பொழுதுபோக்குகள். தமிழ்நாட்டு இதழ்கள் கப்பலில் வந்து, கடை ஏறி, கை மாறித் தோட்டத்துக்கு வர நாளாகும். ஒரே இதழ் கிராணி வீட்டில் தொடங்கி, வாத்தியார் வீடு வழியாக லயம் லயமாகப் போகும். முதலில் படித்தவர் அடுத்தவரிடம் கதையைச் சொல்லிவிடாமல் இருப்பதே பெரிய தவம். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் முன் கிடைக்கும் சில நிமிடங்கள் இதற்குப் போதும். காத்திருப்புதான் ஊகத்துக்கு உரம். முழுப் புத்தகம் கையில் இருப்பவர் பக்கத்தைப் புரட்டி விடை பார்த்துவிடுவார். அடுத்த இதழ் எப்போது வரும் என்று தெரியாதவருக்கு ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

என்னென்ன ஊகிக்க முடிந்தது? நந்தினி யார் மகள் என்பது முதல் புதிர். கொல்லப்பட்ட பாண்டிய மன்னன் வீரபாண்டியன் அவளுக்குக் காதலனா, தந்தையா என்பதற்குக் கதைக்குள்ளேயே ஒன்றோடொன்று மோதும் வாக்குமூலங்கள் கிடைக்கின்றன. அவற்றில் எது பொய் என்று முடிவு கட்டும் பொறுப்பு வாசகருடையது. இரண்டாவது, சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது. கடம்பூர் மாளிகையின் அந்த அறையில் நந்தினி இருக்கிறாள், சதிகாரன் ரவிதாஸன் வருகிறான், கதைநாயகன் வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான், பெரிய பழுவேட்டரையர் மாறுவேடத்தில் நுழைகிறார். விளக்கு அணைகிறது. பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. பிற்பாடு பெரிய பழுவேட்டரையர் அதைத் தம் மேல் ஏற்றுக்கொள்கிறார். அவர் சொல்வதை நம்புவதா, குற்றமற்ற இளைஞனைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையாகக் கொள்வதா? கதை முடிந்தபோது நிறைவடையாத வாசகர்கள் கேள்வி கேட்டு எழுத, கல்கி முடிவுரை எழுதிப் பல பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சொன்னார். 1954 டிசம்பர் 5இல் அவர் காலமானார். மேற்கொண்டு கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

ராபர்ட் ஜோர்டனின் ‘காலச் சக்கரம்’ நாவல் வரிசையில் இதே போல ஒரு கொலை உண்டு. 1993இல் வெளியான ஐந்தாம் நூலில் அஸ்மோடியன் என்ற பாத்திரம் கொல்லப்படுகிறது. கொன்றவர் பெயர் சொல்லப்படவில்லை. பதினேழு ஆண்டுகள் வாசகர்கள் அடித்துக்கொண்டார்கள். 2007இல் ஜோர்டன் இறந்தபின், வரிசையைத் தொடர்ந்து எழுதிய அதே சாண்டர்சனின் 2010ஆம் ஆண்டு நூலில், கதைக்குள்கூட அல்ல, பின்னிணைப்பான சொல்விளக்கத்தில் விடை வந்தது. அதோடு வழக்கு தள்ளுபடி. கரிகாலன் கொலைக்கு அப்படி முற்றுப்புள்ளி விழாததற்குக் காரணம், அது வெறும் கற்பனை வழக்கு அல்ல என்பதே.

உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை’க் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரின் உடைமைகளையும் உறவினர் உடைமைகளையும் பறிமுதல் செய்வது பற்றி அது பேசுகிறது. கொலைக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் உத்தம சோழர். அவர் ஆண்ட ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக் காலத்தில் எடுக்கப்படாத நடவடிக்கை இராசராசன் வந்ததும் எடுக்கப்பட்டது ஏன்? நீலகண்ட சாஸ்திரி 1930களில் தம் சோழர் வரலாற்றில் உத்தமர் மேல் ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் 1949இல் வெளிவந்த ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ நூலில் அதை ஏற்கவில்லை.

இந்த வழக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கல்கியின் மிகப் பெரிய திருப்பத்தைப் பாருங்கள். செம்பியன் மாதேவி வளர்த்த மதுராந்தகன் அவருடைய மகன் அல்ல. பூமாலை கட்டும் சேந்தன் அமுதன்தான் உண்மை மகன், அவனே உத்தம சோழனாகப் பட்டமேறுகிறான். பலர் இதைத் தொடர்கதைச் சாமர்த்தியம் என்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது சாஸ்திரிக்குக் கதைவடிவில் தரப்பட்ட மறுமொழியாகவே படுகிறது. அரியணையில் அமர்ந்தவனையே மாற்றிவிட்டால் அவன் மேல் இருந்த ஐயமும் கரைந்துபோகிறது. மணிரத்னம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தில் இந்த ஆள்மாற்றம் இல்லை, மதுராந்தகனே பட்டமேறுகிறான். கல்கி மூடிய வழக்கு திரையில் மறுபடி திறந்துகொண்டது.

இங்கேதான் மலாக்காத் தடத்தில் மூன்றாவது படி தெரிகிறது. நியாயம் எது, நடந்தது என்ன என்பவற்றைத் தாண்டி, ஆதாரம் எங்கே என்ற கேள்வி வருகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, குடும்பங்கள் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், மலாக்கா நகரம் என்று பெயர்ந்த பிறகு, நாவல் இதழ்த் தாளிலிருந்து தடித்த ஐந்து தொகுதிகளாக அலமாரிக்கு ஏறியது. காத்திருப்பு போனது, பக்கத்தில் வேறு நூல்கள் வந்தன. சாண்டில்யனின் ‘கடல் புறா’ கடாரத்தைக் கதைக்களமாக்கியது. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ இராசேந்திரன் காலத்தைக் கதையாக்கியது. மலேசியத் தமிழருக்கு இவை தூரத்துச் சரித்திரம் அல்ல, தாங்கள் நிற்கும் மண்ணின் கதை.

ஆனால் ஆர்வம் ஆதாரத்தை முந்திவிடுவதும் இந்தப் படியில்தான். இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிசயம், மலையூர், இலங்காசோகம், கடாரம் என்று ஊர்களை அடுக்குகிறது. மலாக்கா அதில் இல்லை. இருக்கவும் முடியாது, அந்த நகரம் எழுந்தது 1400ஐ ஒட்டி. கொலைக் கல்வெட்டிலும் பரமேசுவரன், மலாக்காவை நிறுவியவனும் பரமேசுவரன் என்று பெயரை வைத்துப் பாலம் கட்டினால், லேடாங் இளவரசி கேட்ட பொன் பாலத்தைவிட அது பலவீனமானது. சிவன் பெயரை வைத்துக்கொள்ள உறவு வேண்டியதில்லை.

உண்மையான பாலம் வேறொன்று இருக்கிறது. ‘செஜாரா மெலாயு’ சொல்லும் ராஜா சூலன், ஏட்டுக்கு ஏடு பெயர் மாறும் மன்னன், இந்திய நிலத்திலிருந்து படையோடு கிளம்பிக் கங்கா நகரத்தை வென்று தெமாசிக், அதாவது இன்றைய சிங்கப்பூர், வரை வருகிறான். சீனர்கள் துருப்பிடித்த ஊசிகளையும் பல்லில்லாக் கிழவர்களையும் கப்பலில் அனுப்பி, தாங்கள் இளைஞர்களாகப் புறப்பட்டு இவ்வளவு காலம் கழித்து வந்து சேர்ந்ததாகச் சொல்ல வைத்து அவனைத் திருப்பி அனுப்புகிறார்கள். பிறகு அவன் கண்ணாடிப் பெட்டியில் கடலுக்கடியில் இறங்கி அங்குள்ள அரசன் மகளை மணக்கிறான். அந்த வழியில் பிறந்த இளவரசனிடமிருந்து மலாக்கா சுல்தான்களின் மரபு தொடங்குகிறது. சோழர் படையெடுப்பின் மங்கிய நினைவு இது என்று வரலாற்றறிஞர் பலர் கருதுகின்றனர். மாயக் கதைக்குள் துப்புத் தேடுவதற்கு இதைவிடத் தகுந்த ஏடு மலாக்காத் தமிழருக்கு வாய்க்காது. கரிகாலனுக்குச் செலவிட்ட மூளையில் கால்வாசியை ராஜா சூலனுக்குச் செலவிட்டிருந்தால் நமக்கென்று ஒரு தமிழாய்வு மரபே உருவாகியிருக்கும் என்பது என் மனக்குறை.

பழைய ஊகங்களில் பெரும்பாலானவை பெரட்டுக் களத்திலேயே காற்றோடு போயின. எஞ்சியிருக்கக்கூடியவை ஒரே இடத்தில்தான்: இதழிலிருந்து தொடரைக் கிழித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, அட்டை போட்ட பைண்டுப் புத்தகங்களின் ஓரங்களில். ‘இவள்தான் ஊமை ராணி’ என்று பென்சிலில் எழுதிய ஒரு குறிப்புக்கு ஆய்வாளனிடம் கல்வெட்டுக்குள்ள மதிப்பு உண்டு. மலாக்காவில் தாத்தா பாட்டி வீட்டைக் காலி செய்பவர்கள், அப்படி ஒரு கட்டு கையில் கிடைத்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போடுமுன் ஓரங்களை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். எழுத்து இருந்தால் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.