பத்து ராகம், ஒரே டிஸ்கோ தாளம்

மாட்டுங்காவில் ராகத்துக்குப் பஞ்சமில்லை. சங்கர மடம் பக்கம் போனால் ஏதாவது ஒரு ஸ்தோத்திரம் காதில் விழும். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தால் சண்முகானந்தா. சபா 1952-ல் தொடங்கியது, ஹால் 1963-ல் வந்தது, 1990-ல் தீ விபத்தில் எரிந்து 1998-ல் மறுபடி திறந்தார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம் குடும்பங்கள் கூடவே தூக்கிக்கொண்டு வந்தவை இரண்டு: ஒன்று ஃபில்டர் காபி, மற்றது கச்சேரி. இப்படிப்பட்ட பேட்டையில் உட்கார்ந்துகொண்டு டிஸ்கோ பற்றி எழுதுகிறானே என்று யாரும் கோபிக்க வேண்டாம். நான் சொல்லப்போகும் டிஸ்கோவிலும் ராகம்தான் இருக்கிறது. அதுவும் பத்து ராகம்!

விஷயத்துக்கு வருகிறேன். 1982-ல் இதே பம்பாயில் பதிவான ஒரு எல்.பி. இசைத்தட்டு. பெயர் 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. வெளியிட்டது எச்.எம்.வி. வாசித்தவர் சரண்ஜித் சிங். ஆர்.டி.பர்மன் உள்பட பல இந்தி இசையமைப்பாளர்களின் ரெக்கார்டிங்குகளில் கிடாரும் கீபோர்டும் வாசித்தவர். அதாவது, பாட்டு நமக்கு மனப்பாடம், வாசித்தவர் பெயர் மட்டும் தெரியாது என்ற வரிசையைச் சேர்ந்தவர். சினிமாப் பாட்டுகளை வாத்தியத்தில் வாசித்து அவர் முன்பே தட்டுகள் போட்டிருந்தார். இது சினிமாவை விட்டு விலகி, தன் யோசனையில் செய்தது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1980-ல் 'குர்பானி', 1982-ல் 'டிஸ்கோ டான்ஸர்'. கல்யாண பேண்டு வாத்தியத்தில்கூட டிஸ்கோ. எல்லோரும் இதையே செய்கிறார்களே, தாளம் மட்டும் டிஸ்கோவாக இருக்கட்டும், மேலே ராகத்தை வாசித்தால் என்ன என்று சிங்குக்குத் தோன்றியிருக்கிறது. தபலாவை அடியோடு நிறுத்திவிட்டார். அதற்குப் பதில் மூன்று ஜப்பானிய இயந்திரங்கள், மூன்றும் ரோலண்ட் கம்பெனி. தாளத்துக்கு டி.ஆர்-808, கீழ் ஸ்தாயிக்கு டி.பி-303, ராகம் வாசிக்க ஜூபிடர்-8 கீபோர்டு.

இதில் டி.பி-303 கதை தனிக்கதை. தனியாக கிடார் வாசித்துப் பழகுகிறவருக்குத் துணையாக பேஸ் கிடார் மாதிரி ஒலிக்கட்டும் என்று செய்த சின்னப் பெட்டி அது. பேஸ் கிடார் மாதிரி ஒலிக்கவே இல்லை! சுமார் 10,000 பெட்டிகளோடு 1984-ல் கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்டது. அவை பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. அப்படி ஒன்று சிகாகோ நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் கையில் சிக்கியது. அவர்கள் குமிழ்களைத் திருகித் திருகி, அந்தக் 'குவாய்ங் குவாய்ங்' சத்தத்தையே பாட்டாக்கினார்கள். ஃப்யூச்சர் என்ற அவர்கள் குழு 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டைக் கொண்டுவந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை வகையே அங்கிருந்து பிறந்ததாகச் சொல்வார்கள். நம்ம சிங் அதே பெட்டியை அதற்கு ஐந்து வருஷம் முன்னால் பம்பாயில் வாசித்து முடித்துவிட்டார்.

ஆனால் தட்டு விற்கவில்லை. டிஸ்கோ கேட்கிறவனுக்குப் பாட்டு வேண்டும், பாடகி வேண்டும், சினிமா வேண்டும். ராகம் கேட்கிறவருக்கு இது அபசாரம். இரண்டு கடைக்கும் ஒத்துவராத சரக்கு என்பது என் ஊகம். சிங் பழையபடி சினிமா ரெக்கார்டிங், கல்யாணக் கச்சேரி என்று போய்விட்டார். தட்டு மறைந்தே போனது.

இருபது வருஷம் கழித்து, 2002-ல், எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டில்லியில் பழைய இசைத்தட்டு தேடும்போது இது கையில் கிடைத்தது. இந்தி சினிமா இசைப் பைத்தியம் அவர். பிறகு மும்பை வந்து சிங்கையே தேடிப் பிடித்துப் பேசினார். 2010-ல் தன்னுடைய 'பாம்பே கனெக்ஷன்' நிறுவனம் மூலம் தட்டை மறுவெளியீடு செய்தார். ஐரோப்பாவில் ஒரே பரபரப்பு. 1982-ல் இந்தியாவில் இப்படி ஒன்று எப்படி வந்திருக்க முடியும், யாரோ இந்தக் காலத்து ஆள் போலிப் பெயரில் செய்த வேலை என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு! எழுபது வயதை ஒட்டி சிங் ஐரோப்பிய மேடைகளில் இதை நேரில் வாசித்துக் காட்டினார். 2015 ஜூலையில், 74 வயதில், மும்பையில் காலமானார்.

'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்த இந்தியர்' என்று அவருக்கு ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டது. கேட்க நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. சிகாகோ பையன்கள் இந்தத் தட்டைக் கேட்டார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஒரே பெட்டி இரண்டு ஊரில், இரண்டு விதமான கைகளில் கிடைத்தது, அவ்வளவுதான். சிங் செய்தது என்ன என்று தெரிய சிகாகோ போக வேண்டாம், மாட்டுங்கா காது போதும்.

தட்டில் உள்ள ராகங்கள்: பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. நம் கணக்கில் பைரவ் மாயாமாளவகௌளைக்குச் சொந்தம், பூபாலி மோகனம், யமன் கல்யாணி மாதிரி, கலாவதி வலஜி, மால்கௌன்ஸ் ஹிந்தோளம், பைராகி ரேவதி. தோடி என்று பார்த்து நம் தோடியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அது சுபபந்துவராளிப் பக்கம் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதைப் போட்டேன். பாட்டு கற்கும் என் மகள், என்ன ஏது என்று கேட்காமலே, "அப்பா, இது மோகனம்" என்றாள். தாளம் எது, வாத்தியம் எது என்பதெல்லாம் அவளுக்கு இடைஞ்சலாகவே இல்லை.

ஏன் பொருந்துகிறது தெரியுமா? மேற்கத்திய டிஸ்கோவில் கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். ராகத்துக்கு அது ஆகாது, கீழே ஒரே ஆதாரம் நிலையாக நிற்க வேண்டும். 303 பெட்டி ஒரு சின்ன வரிசையைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதுதான் இங்கே தம்புரா. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகவும் அதற்குத் தெரியும். நம் ஜாருவுக்கு ஏழைச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள் :-) மேலே கீபோர்டில் ராகத்தை வாசிப்பது மனிதக் கை, சினிமாவில் வருஷக்கணக்காகப் பழகிய கை. சிங் புது இசை வகையைக் கண்டுபிடிக்கக் கிளம்பவில்லை. கையில் கிடைத்த புதுப் பெட்டிக்குப் பழைய சங்கீதம் சொல்லிக்கொடுத்தார்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். தட்டு அச்சானது இந்தியாவில், கிடைத்தது டில்லியில், கலைஞர் இருந்தது மும்பையில். தேடி எடுக்க ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. அதற்குள் அவருக்கு வயதாகிவிட்டது.

இப்போது மாட்டுங்காவைப் பாருங்கள். பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிகின்றன, டவர் வருகிறது. வீடு காலி செய்யும்போது முதலில் காலியாவது பரண். தாத்தா ஸ்பூல் டேப்பில் பிடித்த கச்சேரி, அத்தையின் அரங்கேற்ற கேசட், உறை கிழிந்த எல்.பி. எல்லாம் ரத்திவாலா தராசில் கிலோ கணக்கில் போகின்றன. எல்.பி.யாவது செங்குத்தாக அடுக்கி வைத்தால் பல வருஷம் தாங்கும். நாடா அப்படியல்ல, இந்த ஊர் மழைக்காலமும் பூஞ்சையும் அதைத் தின்றுவிடும். கம்பெனி தட்டுக்காவது இன்னொரு பிரதி எங்காவது இருக்கும். வீட்டு டேப் உலகத்திலேயே ஒன்றுதான்.

ஆகவே மக்களே, தராசில் வைக்குமுன் ஒருமுறை உறையைத் திருப்பிப் பாருங்கள். ஓடுகிற டெக் யாரிடமாவது இருந்தால் கணினியில் ஏற்றிவிடுங்கள், யார் பாடியது, எந்த வருஷம் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் பரணில் என்ன இருக்கிறது? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.