யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் உவரேற்றம்: அரச முயற்சிகளின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக்கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் இது நேரிலே தெரியும்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அடியே இல்லாத கிணறு என்று ஊரார் இன்றும் சொல்வர்.

உவரைத் தடுக்கும் முயற்சிகள் காலநிலை மாற்றம் என்ற சொல்லுக்கு வெகுகாலம் முந்தியவை. களப்புகளை நன்னீராக்கும் யோசனை ஒல்லாந்தர் காலத்தது எனப்படுகிறது. 1879இல் வடமாகாண அரசாங்க அதிபர் துவைனம் அதனை முன்மொழிந்தார். கடல்நீர் வடமராட்சிக் களப்புக்குள் வராதிருக்க, தொண்டைமானாற்றுத் தடுப்பணை 1950களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தை வகுத்தார். கனகராயன் ஆறு கொண்டுவரும் வெள்ளத்தை ஆனையிறவுக் களப்பில் மறித்து, முள்ளியானில் சுமார் 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சிக்குக் கொண்டுவருவதே அதன் சாரம். 1960களில் வேலை தொடங்கியது, இதற்காகக் கட்டிய சுண்டிக்குளத்து அணை பின்னர் உடைந்தது, வாய்க்கால் நிறைவேறவில்லை.

இதே காலத்தில் கிணற்றுத் துலா மறைந்து நீர்ப்பம்பி வந்தது. துலா இறைத்த அளவுக்கு மனிதக் கால்களே எல்லை. பம்பிக்கு அப்படியொரு எல்லை இல்லை. 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும் இறைப்பு மேலும் பெருகியது.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் தடுப்பணைகள் பராமரிப்பின்றிச் சிதைந்தன.

இதற்கிடையே, இலங்கை 1993இல் ஐ.நா. காலநிலை மாற்றச் சட்டகச் சமவாயத்தை ஏற்புறுதி செய்தது. கடல்மட்ட உயர்வையும் கரையோர நிலத்தடி நீரில் உவர் புகுவதையும் இடர்களாகக் கொண்டு 2011–2016 தழுவல் மூலோபாயமும், 2016–2025 தேசிய தழுவல் திட்டமும் வகுக்கப்பட்டன. பாரிஸ் உடன்படிக்கை 2016 செப்டெம்பரில் ஏற்புறுதி செய்யப்பட்டது. குடாநாட்டு உவரேற்றத்தில் காலநிலைக்கு எவ்வளவு பங்கு, மிகை இறைப்புக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. ஒரு கோடை முழுதும் ஓடும் பம்பி ஒரு கிணற்றை அவ்வுயர்வின் தாக்கம் தெரியும் முன்பே சவராக்கிவிடலாம். ஆயினும் மாரி பிந்தும் ஆண்டுகளில் இவ்விரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன எனக் கொள்வது பொருந்தும்.

குடாநாட்டுக் கிணறுகளை மட்டும் நம்பாதிருக்க, கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் யோசனையை அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தனர். மாற்றாக, கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர்.