முருகைக்கல்லும் தேயிலைத் தண்டும்

இலங்கையின் ஒன்பது மாகாணங்களுள் கடற்கரை இல்லாதவை நான்கு. பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட ஊவா அவற்றுள் ஒன்று. கடலோடு தொடர்பே இல்லாததாகத் தோன்றும் இம்மலைச்சரிவுகளிலும், வெற்றிலையில் தடவுவதற்கும் லயத்துச் சுவருக்கு வெள்ளையடிப்பதற்கும் துரைமாரின் பங்களாக்களைக் கட்டுவதற்கும் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. தீவின் சுண்ணாம்புத் தேவையில் பெரும்பங்கைத் தென்மேற்குக் கரையின் முருகைக்கல் ஈடுசெய்துவந்த காலத்தில், மலைநாட்டார் கண்ணால் காணாத ஒரு கடலுயிரின் எலும்புக்கூடு அவர்களது அன்றாடத்தில் கலந்திருந்தது. அவ்வுயிரை உயிரோடு வெட்டி வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்கு விற்கும் இன்றைய வணிகத்தின் நியாய அநியாயத்தை ஆராய்வோர், அதற்கு முந்திய இந்தச் சுண்ணாம்பு வரலாற்றிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

முருகைக்கல் என்பது பவளப்பாறைக்கு ஈழத்தமிழில் வழங்கும் பெயர். ஊசிமுனை அளவிலிருந்து பெருவிரல் அளவு வரையிலான எண்ணற்ற மென்னுடலிகள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலிருந்து கல்சியம் காபனேற்றைப் பிரித்தெடுத்துத் தமக்கடியில் கட்டிக்கொள்ளும் கூடே இக்கல்லாகும். அவற்றின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசி ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து ஓம்பும் உயிருக்குப் பங்கிட்டுத் தருவதால்தான், வளம் குன்றிய தெளிந்த நீரிலும் இப்பாறைகள் வளர்கின்றன. கிளைவிட்டு வளரும் வகைகள் ஆண்டுக்குப் பத்துச் சென்றிமீற்றரையும் தாண்டக்கூடியவை; திரண்ட உருண்டையாக வளர்பவை ஒரு சென்றிமீற்றர் அளவே உயர்பவை. முருகைக்கல்லைச் சிங்களத்தில் ‘ஹிரிகல்’ என்பர். இரு மொழிகளும் ‘கல்’ என்றே முடித்த பெயரில் உயிர் மறைந்துபோயிற்று என்பதும், கல் என்று பெயர் பெற்றதைச் சுடுவதற்கு எவரும் தயங்கவில்லை என்பதும் கவனத்துக்குரியவை.

அம்பலாங்கொடைக்கும் திக்வெல்லைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் சூளைகள் வரிசையாக எரிந்தன. முருகைக்கல்லை விறகோடு அடுக்கி ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதில் நீர் தெளித்தால் பொங்கித் தூளாகி நீறும். 1984இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு ஒன்று, இக்கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் எடுக்கப்பட்டதாகவும், அதில் எட்டில் ஒரு பங்களவு கடலுக்குள்ளிருந்தே பெயர்க்கப்பட்டதாகவும் காட்டியது. எஞ்சியவை கரையில் ஒதுங்கிய சிதைவுகளும், பண்டைக் கடல் பின்வாங்கியபோது நிலத்துக்கடியில் தங்கிவிட்ட பழைய படிவுகளுமாகும். கடலில் எடுத்ததே சட்டத்துக்குப் புறம்பானது, நிலத்தில் தோண்டியது அவ்வாறில்லை என்பதால், உயிருள்ளதையும் இறந்ததையும் பிரிக்கும் கோடு சூளை வாயிலில் எளிதாக அழிந்துபோயிற்று.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடல் நோக்கி இரண்டு கிலோமீற்றரும் நிலம் நோக்கி 300 மீற்றரும் கொண்ட பட்டையைக் ‘கரையோர வலயம்’ என வரையறுத்தது. 1988இல் வந்த திருத்தம் அவ்வலயத்தில் முருகைக்கல் அகழ்வதையும், அதனைக் கொண்டுசெல்வதையும், சூளை வைப்பதையும், ஆராய்ச்சித் தேவை நீங்கலாக, தடைசெய்தது. அளவுநாடாவால் வகுத்த இந்த 300 மீற்றர் எல்லைக்கு அப்பால் நிலத்தடிப் படிவுகளைத் தோண்டுவது தொடர்ந்ததனால் கைவிடப்பட்ட குழிகளில் நீர் தேங்கிக் கொசு பெருகியது. வயல்களிலும் உவர் ஏறியது. கல்லெடுத்தே பிழைத்தவர்களுக்கு மாற்றுத் தொழில் காட்டும் முயற்சிகளும் நடந்தன; ஆனால் கடலோரத்து வறிய குடும்பங்களுக்குக் கல்லெடுப்பு தந்த உடனடிக் கூலியை அவற்றால் ஈடுசெய்ய முடியவில்லை. தடை நீதியானதாயினும், அதன் விலையை முதலில் செலுத்தியவர்கள் சுண்ணாம்பை வாங்கியவர்களல்லர், விற்றவர்களே என்பதை எந்த நேர்மையான கணிப்பும் விட்டுவிட முடியாது.

விலையின் மறுபகுதி 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையாக வந்தது. இதே கரையிலுள்ள பெரலியவில் அலை ஏறக்குறைய பத்து மீற்றர் உயர்ந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே சென்று, அங்கு நின்றிருந்த புகையிரதத்தையும் அதில் அடைக்கலம் தேடி ஏறியவர்களையும் வாரிக்கொண்டது. தெற்கே மூன்று கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஹிக்கடுவையிலோ, பாறை பாதுகாக்கப்பட்ட இடத்தில், அலை இரண்டு மூன்று மீற்றர் உயரத்தோடு ஐம்பது மீற்றரளவே உள்ளே வந்தது. 2005இல் ஹரிந்திர பெர்னாண்டோவும் உடனாய்வாளர்களும் இவ்வேறுபாட்டைப் பெரலியவின் முன்னால் முருகைக்கல் களவாகப் பெயர்க்கப்பட்டதோடு தொடர்புபடுத்தினர். கடலடித் தரையின் சரிவு போன்ற பிற காரணங்களும் அலையின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன என்பது உண்மையே. எனினும் பாறையில் விழுந்த துளை நீரோட்டத்துக்கு வாய்க்காலாகும் என்னும் பௌதிகம் எளிதில் மறுக்கக்கூடியதன்று.

ஊவாவின் தோட்டத் தமிழருக்கு முருகைக்கல்லோடு இன்னொரு, நேரடியான உறவும் உண்டு. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கப்பட்ட பின்னர், கங்காணிமார் திரட்டிய தொழிலாளர் கூட்டங்கள் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் சில நாள் தங்கவைக்கப்பட்டே கடலைக் கடந்தன. பண்டாரவளைக்கும் பசறைக்கும் மடுல்சீமைக்கும் சென்றவர்களுள் பலர் மன்னார் வளைகுடாப் பாறைகளின் ஓரத்தில் கடைசி இந்திய இரவுகளைக் கழித்திருக்க வேண்டும். 1947இல் உருவான மத்தியக் கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இலிருந்து 1971 வரை அதே மண்டபம் முகாமையே தலைமையகமாகக் கொண்டிருந்தது. தொழிலாளரைச் சோதித்த இடத்தில் பவளங்களைச் சோதித்தனர். அந்நிலையத்து ஆய்வாளர்கள் 1970களின் தொடக்கத்தில் கணித்தபடி, மண்டபம், தூத்துக்குடிப் பகுதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 கன மீற்றர் பவளம் சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளின் தேவைக்காகவும் வெட்டியெடுக்கப்பட்டது. இந்தியா 2001இல்தான் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், அதாவது புலிக்கும் யானைக்கும் உரிய பட்டியலில், சேர்த்தது.

தொட்டி வணிகம் வேறு திசையிலிருந்து வந்தது. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இலங்கை வந்து பாறைகளில் மூழ்கி, அடுத்த ஆண்டே அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டபோது, கடலடி அழகு மேற்கத்திய வாசகருக்கு விற்கத்தக்க ஒன்றாயிற்று. மூழ்குவதில் முன்னோடியான ரொட்னி ஜொங்க்ளாஸ் போன்றோர் வண்ணமீன் பிடித்தலை ஒரு தொழிலாகவே வளர்த்தனர். பவளத்தை உயிரோடு பேணும் செயற்கை உவர்நீர், வலுவான விளக்கு, நீரோட்டக் கருவி ஆகியவை பிற்காலத்தில்தான் கைகூடின. உயிர்ப்பவளத்தின் வர்த்தகம் தொன்னுக்கு ஏறத்தாழ 7,000 அமெரிக்க டொலர் மதிப்புடையது, அதே பவளத்தைச் சுண்ணாம்புக்கென எடுத்தால் 60 டொலரே என்று ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் 2003 அறிக்கை ஒன்று குறிப்பிட்டது. நூறு மடங்குக்கு மேற்பட்ட இவ்விலை வேறுபாட்டை வணிகத்தின் ஆதரவாளர்கள் நல்ல செய்தியாகக் காட்டுவர். குறைவாக எடுத்து அதிகம் ஈட்டும் கரையோர மனிதன் பாறையைக் காக்க முன்வருவான் என்பது அவர்களது வாதம். விலை உயர்ந்தால் களவும் உயரும் என்ற பதில் வாதமும் அதே எண்களிலிருந்தே பிறக்கிறது.

இலங்கை இவ்வாதத்தில் இரண்டாவது பக்கத்தைத் தேர்ந்தது. 1979இல் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையில் இணைந்ததோடு, 1937இன் வனவிலங்குக் கட்டளைச் சட்டத்தை 1993இல் திருத்திக் கற்பவளங்களையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. ஆயினும் பவளத்தை விற்காமலேயே உடைக்கலாம் என்பதை மீன் வணிகம் நிரூபித்தது. கிளைப்பவளங்களுக்குள் ஒளியும் சிறுமீன்களைப் பிடிக்க ‘மொக்சி வலை’ என்னும் வலையைப் பாறைமேல் கவிழ்த்து, கம்பியால் கிளைகளை நொறுக்கி மீனை வெளியே விரட்டும் முறை வழக்கத்துக்கு வந்தது; ஏற்றுமதிப் பெட்டியில் சென்றது மீன், கடலடியில் கிடந்தது சிதைந்த முருகைக்கல். இவ்வலை பின்னர் தடைசெய்யப்பட்டது.

வெட்டுதல் தன்னளவில் தீங்கா என்ற கேள்விக்கு ஊவாவின் தேயிலைத் தோட்டங்கள் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவான பதில் ஒன்றை வைத்திருக்கின்றன. விதையிலிருந்து முளைத்த பழைய தேயிலைக்குப் பதிலாக, தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கும் ‘வீ.பீ. தேயிலை’ 1950களின் பிற்பகுதியிலிருந்து பரவியது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் 2025 என்ற எண்ணுள்ள வகை இதில் புகழ்பெற்றது. பசறையிலுள்ள அந்நிலையத்தின் ஊவாக் கிளையும் தோட்டங்களின் தவறணைகளும், அதாவது நாற்றுப்பண்ணைகளும், பின்பற்றும் முறை இது: தேர்ந்தெடுத்த தாய்ச்செடியைக் கவாத்து செய்து, கொழுந்து பறிக்காமல் சில மாதங்கள் வளரவிட்டு, நீண்ட கிளையில் இளநுனியையும் முற்றிய அடியையும் நீக்கி, நடுப்பகுதியை ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள சிறு துண்டுகளாகக் கூரிய கத்தியால் வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் உறைகளில் நிழலின்கீழ் நடுவர்; ஒன்பது, பத்து மாதங்களில் கன்று வயலுக்குச் செல்லும். தாய்ச்செடி சாவதில்லை, மீண்டும் தளிர்க்கிறது.

பவளத்தை வெட்டுவோரும் ஏறத்தாழ இதையே செய்கின்றனர். ‘ஃபிராக்’ என்று ஆர்வலர் அழைக்கும் துண்டை வைர விளிம்புள்ள வாளால் அறுத்து, பசையிட்டுச் சுட்டமண் வில்லையில் ஒட்டினால், சில வாரங்களில் காயம் ஆறி, திசு வில்லையின்மேல் படர்கிறது. புயலில் முறிந்த கிளை கடலடியில் வேர்பிடித்துப் புதிய கூட்டமாவது இயற்கையிலேயே உண்டு. மூளையற்ற, நரம்பு வலை மட்டுமே கொண்ட அவ்வுயிர் மனிதன் அறியும் வலியை அறிகிறது என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. எனவே கத்தியைக் குற்றம் சொல்வது பொருந்தாது. கேட்கவேண்டியது தாய்ச்செடி எங்கே நிற்கிறது, அதை ஓம்புபவர் யார் என்பதே. தவறணைத் தாய்ச்செடிக்கு உரிமையாளரும் பசளையும் காவலும் உண்டு; அது பட்டுப்போனால் நட்டம் தோட்டத்துக்கு. பொதுக்கடலின் பாறையில் வெட்டப்படும் தாய்க்கூட்டம் இறந்தால் நட்டம் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. பெரிய சதைப்பாங்கான மென்னுடலிகளைக் கொண்டு மெதுவாக வளரும் வகைகள் துண்டுபோடுவதற்கு எளிதில் இசையாதவை. சந்தை அதிகம் விரும்பும் வகைகளுள் அவையும் அடங்கும் என்பதால், கடலிலிருந்து முழுக்கூட்டமாகவே பெயர்த்தெடுக்கும் ஆசை அங்கே வலுவாகிறது.

வளர்ப்பில் பிறந்தது, கடலில் எடுத்தது என்று ஆவணத்தில் பிரித்தெழுதும் ஏற்பாடு இச்சிக்கலைத் தீர்க்கவே வந்தது. ஆனால் ஒட்டுப்பசை காய்ந்த பின் இரண்டு துண்டுகளும் கண்ணுக்கு ஒன்றே. பெருமளவு ஏற்றுமதி செய்த இந்தோனேசியா 2018இல் பவள ஏற்றுமதியை நிறுத்தி, 2020இல் வளர்க்கப்பட்டவற்றுக்கு மீண்டும் வழிவிட்டது. பிலிப்பைன்ஸ் 1970களிலேயே தடையைத் தேர்ந்தது. முதல் முறையில் பொய்ச்சான்றின் ஆபத்தும், இரண்டாவதில் வளர்ப்போனின் உழைப்பையும் தண்டிக்கும் ஆபத்தும் உள்ளன. இலங்கையின் முழுத்தடை இரண்டாவதைச் சார்ந்தது. சூளைகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்த எச்சரிக்கை மிகையாகத் தோன்றாது.

தொட்டிகளே பவளத்தின் கடைசிப் புகலிடமாகும் என்ற கூற்றும் உண்டு. 1998இல் கடல் வெப்பமேறி, பாசியை இழந்த முருகைக்கற்கள் வெளிறியபோது, ஹிக்கடுவையில் உயிர்ப்பவளம் மூடிய பரப்பு ஏறத்தாழ 47 சதவீதத்திலிருந்து ஏழுக்கு வீழ்ந்ததை நினைத்தால் அக்கூற்றை எள்ளி ஒதுக்க முடியாது. ஆனால் ஒரே தாயின் துண்டுகளே உலகெங்கும் கைமாறும் தொட்டிகள் எத்தகைய புகலிடம் என்பதற்கு மடுல்சீமை ஒரு விடை வைத்திருக்கிறது. மலைச்சரிவெங்கும் ஒரே பயிராய் நின்ற கோப்பியின் இலைத்துரு அங்கேதான் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் ஊவாவின் கோப்பி மறைந்து, அவ்விடத்தில் தேயிலை எழுந்தது. 1880இல் இந்நோயை ஆராய வந்த மார்ஷல் வார்ட் பரந்த ஒற்றைப்பயிர்ச் செய்கையையே அதன் வலிமைக்குக் காரணமாகச் சுட்டினார்.

வெட்டுவது சீராக்குவதற்காகவும் நிகழ்கிறது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல், முன்னர் கல் பெயர்க்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரங்களில் உயிர்ப்பவளத் துண்டுகளைக் கட்டி நட்டுவருகிறது. வெட்டும் கையும் துண்டின் அளவும் தொட்டி வணிகத்தினவற்றை ஒத்தவையே; துண்டு திரும்பிச் செல்லும் இடம் மட்டும் கடல். அவற்றைத் தாங்கும் பலகைகள் சீமெந்தாலானவை. சீமெந்தும் சுண்ணக்கல்லைச் சூளையில் சுட்டுப் பெறுவதே.