இடது காலின் வரலாறு: ஒரு கியர்பாக்ஸ் மாற்றத்தை முன்வைத்து

காரைப் பற்றி, அதிலும் ஒரு விளையாட்டுக் காரைப் பற்றி, இந்தப் பக்கங்களில் எழுதுவது சில நண்பர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். இருக்கட்டும். சரக்குக்குள் உறைந்து கிடக்கும் உழைப்பு என்று மணிக்கணக்கில் பேசுகிற நாம், ஒரு சரக்கைக் கழற்றிப் பார்த்தது ரொம்பக் குறைவு. சென்ற கோடையில் மூன்று வார இறுதிகள் ஒரு காரைக் கழற்றும் இடத்தில் இருந்தேன். கழற்றியது நானில்லை. விளக்குப் பிடித்தேன், போல்ட்டுகளை எண்ணித் தட்டில் போட்டேன், அவ்வளவுதான்.

கார், 1972ஆம் ஆண்டு செவ்ரொலே கார்வெட். உரிமையாளர், மிச்சிகனில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் நண்பர். வில்லோ ரன் தொழிற்சாலையில் 2010 டிசம்பரில் அதை மூடுகிற வரை வேலை பார்த்தவர். அங்கே செய்தது ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ். ஓய்வுபெற்ற பிறகு அவர் ஆசைப்பட்டது, தன் காரில் இருக்கும் ஆட்டோமேடிக்கை எடுத்துவிட்டுக் கையால் கியர் போடுகிற பெட்டியை வைக்க வேண்டும் என்பது. வாழ்நாளெல்லாம் எதைச் செய்தாரோ அதையே பிடுங்கி எறிகிறார். ஏன் என்று கேட்டேன். "இப்ப வண்டி தானா ஓடுது, நான் உக்காந்திருக்கேன். நான் ஓட்டணும்" என்கிற மாதிரி பதில் சொன்னார். இந்தப் பதில்தான் கட்டுரைக்குக் காரணம்.

1

முதலில் வேலையைப் பார்ப்போம். இரண்டு வகைக் கியர்பாக்சுக்கும் உள்ள வித்தியாசம், எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்திலிருந்து பிரிப்பது யார் என்பதில் இருக்கிறது. ஒன்றில் ஓட்டுகிறவரின் இடது கால் கிளட்சை மிதித்துப் பிரிக்கிறது. மற்றொன்றில் எண்ணெய் அந்த வேலையைச் செய்கிறது. டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்ற, அது தள்ளும் எண்ணெய் எதிரே இருக்கும் இன்னொரு விசிறியைச் சுழற்றும். எப்போது எந்தக் கியர் என்பதை எண்ணெய் அழுத்தமும் வால்வுகளும் தீர்மானிக்கும். காலின் வேலை, காதின் வேலை, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு முடிவெடுக்கிற மூளையின் வேலை எல்லாம் ஒரு வார்ப்பு அலுமினியப் பெட்டிக்குள் போய்விட்டன.

அதைத் திருப்பி வெளியே எடுப்பது லேசில்லை. எண்ணெயை வடிக்கணும். பின்னச்சுக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றணும். ரேடியேட்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாய்களை அடைக்கணும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பிரிக்கணும். (இந்தக் காரின் ஆட்டோமேடிக் வடிவத்தில் அந்தச் சட்டத்தைப் போல்ட்டால் மாட்டியிருப்பார்கள், கை கியர் வடிவத்தில் வெல்டிங் வைத்திருப்பார்கள். ஆகவே இந்தத் திசையில் மாற்றுவது சுலபம்.) பெட்டி இறங்கியதும் எஞ்சினின் பின்பக்கம் ஒரு மெல்லிய தகடு தெரியும். அதைக் கழற்றிவிட்டுக் கனமான ஃபிளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட். கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு சின்ன புஷ் அடிக்கணும். அதை மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியதுதான். அப்புறம் உள்ளே, அகலமான பிரேக் மிதியை எடுத்துவிட்டு இரண்டு மிதிகள் கொண்ட அமைப்பு. கிளட்ச் மிதியிலிருந்து கம்பி முன்னால் போவதற்கு எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள சுவரில் வழி. கியர் மாறினால் ஷாஃப்டின் நீளம் மாறும், ஸ்பீடாமீட்டரின் பல்சக்கரம் மாறும். நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கும் சுவிட்சின் வயரைக்கூட மாற்றிக் கொடுக்கணும்.

ஒன்றை மாற்றப்போனால் பத்து மாறுகிறது. கார் ஒரு அமைப்பு என்பதை எந்த அமைப்பியல் புத்தகத்தையும்விட அந்தத் தரையில் கிடந்த சாமான்கள் எனக்குச் சொல்லின.

2

இந்த மாற்றத்துக்கு ஆர்வலர்கள் மத்தியில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பதுதான் அசல். எஞ்சினிலும் கியர்பாக்சிலும் பொறித்த எண்கள் காரின் எண்ணோடு பொருந்தணும், பெட்டியை மாற்றினால் கார் தீட்டுப்பட்டுவிடும். (தீட்டு என்பது என் சொல். ஆனால் அவர்கள் பேசுவதைக் கேட்டால் வேறு சொல் தோன்றாது.) மறு கட்சிக்கு விளையாட்டுக் கார் என்றாலே மூன்று மிதி. ஆட்டோமேடிக் என்பது இடையில் நுழைந்த சோம்பேறித்தனம், அதை நீக்குவது ஆதிக்குத் திரும்புவது.

அந்த ஆதி எது? கார்வெட் முதன்முதலில் 1953இல் ஃபிளின்ட் நகரில் தயாரானது. அந்த ஆண்டு செய்தவை 300. முன்னூறிலும் இருந்தது பவர்கிளைடு என்கிற இரண்டு வேக ஆட்டோமேடிக். 1954இல் உற்பத்தி செயின்ட் லூயிசுக்குப் போனபோதும் அதேதான். கையால் போடும் மூன்று வேகக் கியர் 1955இல்தான் வந்தது, நான்கு வேகம் 1957இல். அதாவது கார்வெட்டின் ஆதி ஆட்டோமேடிக்! 'மூன்று மிதி மரபு' பிற்பாடு உண்டாக்கியது. பழமையானதாகக் காட்டப்படும் மரபுகள் பலவும் அண்மையில் கண்டுபிடித்தவை என்று ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் தொகுத்த நூல் 1983இல் வந்தது. பரதநாட்டியம் பற்றியும் கர்நாடக இசை பற்றியும் நாம் இப்படிப் பேசியிருக்கிறோம். கியர்பாக்சுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. கியர்கள் கடகடக்காமல் பொருந்துவதற்கான சிங்க்ரோமெஷ் என்ற ஏற்பாட்டை 1928இல் கேடிலாக் காரில் கொண்டுவந்தவர் எர்ல் தாம்சன். கைக் கியரை மென்மையாக்கிய அதே மனிதர்தான், 1939இல் ஓல்ட்ஸ்மொபில் காரில் அறிமுகமான ஹைட்ராமேடிக் என்ற முழு ஆட்டோமேடிக்கை உருவாக்கிய குழுவுக்கும் தலைவர். எதிரிகளாக நாம் நிறுத்துகிற இரண்டும் ஒரே பட்டறையிலிருந்து வந்தவை.

3

இறக்கிய பெட்டியும் ஏற்றிய பெட்டியும் இரண்டு ஊர்களைச் சுமந்திருக்கின்றன.

இறக்கியது டர்போ ஹைட்ராமேடிக் 400, வில்லோ ரன். அந்த இடம் 1941இல் ஃபோர்டு நிறுவனம் குண்டுவீச்சு விமானம் செய்ய எழுப்பிய ஆலை. போர் முடிவதற்குள் 8,685 லிபரேட்டர் விமானங்கள் அங்கிருந்து வெளியேறின. ஆண்கள் போருக்குப் போன இடத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ரிவெட் அடித்தார்கள். போர் முடிந்ததும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1953 ஆகஸ்ட் 12 அன்று லிவோனியாவிலிருந்த ஹைட்ராமேடிக் ஆலை தீப்பிடித்து அழிந்தது. வெல்டிங் பொறியில் ஆரம்பித்த தீ. ஜெனரல் மோட்டார்ஸ் அந்த உற்பத்தியைச் சில வாரங்களில் வில்லோ ரன்னுக்கு மாற்றியது. இப்படித்தான் விமான ஆலை கியர்பாக்ஸ் ஆலை ஆயிற்று.

ஏற்றியது மன்சி பெட்டி. இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் செய்ததால் அந்தப் பெயர். சமூகவியல் படித்தவர்களுக்கு இந்த ஊர் வேறு பெயரில் தெரியும். 1929இல் ராபர்ட் லிண்டும் ஹெலன் லிண்டும் எழுதிய 'மிடில்டவுன்' ஆய்வின் ஊர் இதுதான். 'சராசரி அமெரிக்கா' எப்படி வாழ்கிறது என்று காட்ட இதைத் தேர்ந்தார்கள். அந்தச் சராசரியில் ஊரின் கறுப்பர்களைச் சேர்க்கவில்லை. அசல் எது, சராசரி எது என்று வரையறுக்கும்போதெல்லாம் யாரோ வெளியே நிற்கிறார்கள். மன்சியின் கியர்பாக்ஸ் ஆலை 2006இல் மூடப்பட்டது. வில்லோ ரன் 2010இல். ஆக நண்பர் செய்தது, மூடப்பட்ட ஓர் ஊரின் உழைப்பை இறக்கி, மூடப்பட்ட இன்னோர் ஊரின் உழைப்பை ஏற்றியது.

4

'நான் ஓட்டணும்' என்ற ஆசைக்கு வருவோம். அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. இந்தக் கார் செய்யப்பட்ட அதே 1972இன் மார்ச்சில் ஓகையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுனில் வேலைநிறுத்தம் நடந்தது. அங்கே மணிக்குச் சுமார் நூறு கார்கள் நகர்ந்தன. ஒரு தொழிலாளிக்கு ஒரு கார் முன்னால் 36 வினாடி. இளைஞர்கள் கூலிக்காக மட்டும் நிற்கவில்லை, அந்த 36 வினாடிக்கு எதிராக நின்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஹாரி பிரேவர்மனின் நூல் வந்தது. தொழிலாளியின் கையிலிருந்த அறிவை நிர்வாகம் பிரித்தெடுத்து எந்திரத்திலும் திட்ட அறையிலும் வைப்பதுதான் முதலாளிய உழைப்பின் வரலாறு என்றது.

நண்பர் அந்த 36 வினாடிகளின் உலகத்தில் வயதானவர். இப்போது தன் கொட்டகையில் ஒரு புஷ்ஷை அடிக்க அரை மணி எடுத்துக்கொள்கிறார். யாரும் மணி பார்க்கவில்லை. ஆலைக்குள் அவரிடமிருந்து எடுக்கப்பட்டதைச் சனி ஞாயிறுகளில் தன் காசு போட்டுத் திரும்ப வாங்குகிறார். இழந்த திறன் பொழுதுபோக்காக அவரிடமே விற்கப்படுகிறது. இதைச் சொன்னபோது சிரித்தார். "தெரியும். அந்த 13 மில்லிமீட்டர் ஸ்பேனரை எடு" என்றார். (அந்தக் காரில் பெரும்பாலும் அங்குல அளவு, அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார், நான் தேடுகிறேனா என்று பார்க்க.)

5

இதுவரை எழுதியதோடு நிறுத்தியிருந்தால் நம்ம வட்டாரத்துக்குப் பிடித்த கட்டுரையாக இருந்திருக்கும். உழைப்பு, அந்நியமாதல், மீட்பு. எனக்கு அங்கே நிறுத்த முடியாது.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது கால் செயல்படாது. ஊரில் இருபது வயதில் கார் ஓட்டக் கற்கப் போனேன். அம்பாசிடர். கற்றுக்கொடுப்பவர் நல்ல மனிதர்தான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, கிளட்சை எந்தக் காலால மிதிப்பே?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் மிச்சிகனில் ஒரு பழைய ஆட்டோமேடிக்கில் கிடைத்தது. அன்றைக்கு மூன்று மணி நேரம் எங்கேயும் போகாமல் சும்மா ஓட்டினேன்.

ஆட்டோமேடிக்கின் வரலாற்றில் நான் தனியாள் இல்லை. ஹைட்ராமேடிக் போரில் டாங்கிகளில் ஓடியது, எம்5 ஸ்டூவர்ட் டாங்கி ஒவ்வொன்றிலும் இரண்டு. அதே போர் கால் இழந்த ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பியது. 1946 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம், போரில் கால் இழந்த அல்லது கால் செயலிழந்தவர்கள் கார் வாங்க 1,600 டாலர் வரை தரும் சட்டத்தை இயற்றியது. ஓல்ட்ஸ்மொபில், ஹைட்ராமேடிக்கோடு சிறப்புக் கட்டுப்பாடுகளைச் சேர்த்து அவர்களுக்கு விற்றது. போர் எந்திரமும் விற்பனைக் கணக்கும் கலந்த கதைதான். இருந்தாலும் ஒரு காலோடு ஒருவர் தானே வண்டியெடுத்துப் போனார் என்பதும் அதே கதையில் இருக்கிறது.

பிரேவர்மனின் தராசில் ஆட்டோமேடிக் என்பது திறன் பறிப்பு. என் தராசில் அது, திறன் என்று சொல்லப்பட்டது எந்த உடம்பை மனதில் வைத்து அமைக்கப்பட்டது என்பதை வெளிப்படுத்திய எந்திரம். 'உண்மையான ஓட்டுநர்' என்ற பேச்சுக்குள் இரண்டு நல்ல கால்கள் உள்ள ஓர் ஆண் உட்கார்ந்திருக்கிறான். அவன் கண்ணுக்குத் தெரியாதவரை அவன்தான் மனிதன். இதைச் சொல்வதால் திறன் பறிப்பு என்ற விமர்சனம் பொய்யாகிவிடாது. வில்லோ ரன்னில் அந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்கு 36 வினாடியின் ஏதோ ஒரு வடிவம்தான் வாழ்க்கை. என் விடுதலை அவர்களின் அலுப்பால் செய்யப்பட்டது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச நம்மிடம் இன்னும் மொழி இல்லை.

அந்தக் கார்வெட்டை நான் முன்பு பலமுறை ஓட்டியிருக்கிறேன். நண்பர் சாவியைத் தூக்கிப் போடுவார், பிடித்துக்கொள்வேன். மூன்றாவது வாரம் வேலை முடிந்தது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. பழக்கத்தில் சாவியை என் பக்கம் நீட்டினார். அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் உறைத்தது. மூன்று வாரம் விளக்குப் பிடித்து, என்னை அந்தக் காரிலிருந்து வெளியேற்றும் வேலைக்கு நானே உதவியிருக்கிறேன். அவர் அதுவரை இதை யோசிக்கவே இல்லை. நான் யோசித்தும் சொல்லவில்லை. சொல்லியிருக்கணும்.

2020 மாடலிலிருந்து புதிய கார்வெட்டில் கிளட்ச் மிதியே கிடையாது. வில்லோ ரன்னின் பழைய வளாகத்தில் 2017 டிசம்பரில், ஓட்டுநரே இல்லாத கார்களைச் சோதிக்கும் களம் திறந்தார்கள். அங்கே இடது கால் மட்டுமில்லை, வலது காலும் கைகளும் தேவைப்படாது. அதற்கு எதிராக 'மனிதத் திறனை மீட்போம்' என்ற குரல் எழும், எழவேண்டும். டாக்சியும் லாரியும் ஓட்டுகிறவர்களின் சோறு அதில் இருக்கிறது. அந்தக் குரலோடு நானும் நிற்பேன். ஆனால் கூட்டத்தில் ஒருத்தன் எழுந்து, பார்வையில்லாதவர்களும் என்னைப் போன்றவர்களும் அந்தக் காரில் எங்கே போக நினைக்கிறார்கள் என்று கேட்பான். அவனை உட்காரச் சொல்லாதீர்கள்.

இறக்கிய பெட்டி நண்பரின் கொட்டகை மூலையில் இருக்கிறது. விற்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். திருப்பி மாட்டவும் செய்யலாம் என்கிறார். அதற்கும் மூன்று வாரம் ஆகும்.