கனடா புள்ளிவிபரத் திணைக்களம்

கனடா புள்ளிவிபரத் திணைக்களம் கனடிய நடுவண் அரசின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் ஆகும். இதன் தலைமையகம் ஒட்டாவாவில் உள்ளது. மக்கள், பொருளாதாரம், சமூகம் பற்றிய தரவுகளைத் திரட்டி வெளியிடுவதும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்துவதும் இதன் முதன்மைப் பணிகள். இதன் தலைவர் தலைமைப் புள்ளியியலாளர் எனப்படுகிறார்.

வரலாறு

1918 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி டொமினியன் புள்ளியியல் பணியகம் என்ற பெயரில் இது தொடங்கப்பட்டது. பத்திரிகையாளராக இருந்து அரசுப்பணிக்கு வந்த ராபர்ட் கோட்ஸ் 1942 வரை இதனை வழிநடத்தினார். 1971 இல் புதிய புள்ளிவிபரச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, இன்றைய பெயர் வழங்கப்பட்டது. 1972 இல் பொறுப்பேற்ற சில்வியா ஓஸ்ட்ரி இதன் முதல் பெண் தலைவர் ஆவார்.

1985 முதல் 2008 வரை தலைமை வகித்த இவான் பெலெகி ஹங்கேரியில் பிறந்தவர். 1956 எழுச்சிக்குப் பின்னர் கனடாவில் குடியேறி, 1957 இல் பணியகத்தில் சேர்ந்தார். வெவ்வேறு கோப்புகளில் உள்ள பதிவுகள் ஒரே நபரைக் குறிக்கின்றனவா என்பதை நிகழ்தகவு கொண்டு தீர்மானிக்கும் கோட்பாட்டை ஆலன் சண்டருடன் இணைந்து 1969 இல் வெளியிட்டார். தரவுத்தளங்களை இணைப்பதில் இக்கோட்பாடு இன்றும் அடிப்படையாக விளங்குகிறது.

2010 சர்ச்சை

கணக்கெடுப்பில் எல்லா வீடுகளுக்கும் குறும்படிவமும், ஒரு பகுதி வீடுகளுக்கு விரிவான நெடும்படிவமும் தரப்பட்டன. இரண்டுக்கும் விடையளிப்பது கட்டாயம். 2010 இல் ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு, தனியுரிமையைக் காரணம் காட்டி, நெடும்படிவத்துக்குப் பதிலாக விருப்பத்தின் பேரிலான ஆய்வை அறிவித்தது. இம்மாற்றத்தைத் திணைக்களமும் ஏற்றுக்கொண்டது என்ற தோற்றம் எழுந்ததைத் தொடர்ந்து, தலைமைப் புள்ளியியலாளர் முனீர் ஷேக் சூலை 21, 2010 அன்று பதவி விலகினார். விருப்ப ஆய்வு கட்டாயக் கணக்கெடுப்புக்கு ஈடாகாது என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார்.

2011 இல் நடந்த ஆய்வில் 68.6% வீடுகளே விடையளித்தன. விடையளிக்காதோர் பெரும்பாலும் குறிப்பிட்ட பிரிவினராக இருந்தால், மாதிரியின் அளவைக் கூட்டினாலும் பிழை நீங்காது. தரம் போதாமையால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உள்ளூராட்சிப் பகுதிகளுக்குத் தரவுகள் வெளியிடப்படவில்லை. இவற்றுள் பெரும்பாலானவை சிற்றூர்கள். 2015 இல் ஆட்சிக்கு வந்த ஜஸ்டின் ட்ரூடோ அரசு கட்டாய நெடும்படிவத்தை மீட்டது. 2016 இல் அதற்கு 97.8% விடை கிடைத்தது.

சட்டத் திருத்தம்

கணினி வசதிகள் வேறோர் அரசு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டதால் திணைக்களத்தின் சுதந்திரம் குறைகிறது எனக் கூறி, அடுத்த தலைவர் வெய்ன் சிமித்தும் 2016 இல் விலகினார். 2017 ஆம் ஆண்டுத் திருத்தம், புள்ளியியல் முறைகளைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தலைமைப் புள்ளியியலாளருக்கு வழங்கியது. அவரது பதவிக்காலமும் ஐந்து ஆண்டுகள் என வரையறுக்கப்பட்டது. இம்முறைகள் குறித்த ஆணைகளை, அமைச்சரின் பரிந்துரையின் பேரில் ஆளுநர் மன்றம் (Governor in Council) மட்டுமே பிறப்பிக்க முடியும்.