சோவின் ‘முகமது பின் துக்ளக்’: பதூதாவின் இடம்

சோ ராமசாமி இயக்கிய முதல் திரைப்படமான ‘முகமது பின் துக்ளக்’ 1971இல் வெளிவந்தது. 1968இல் மேடையேறிய அவரது நாடகமே அதன் மூலம். அன்றைய கட்சி அரசியலைக் கேலி செய்த படம் என்ற அளவில் இதனை மதிப்பிடுவது வழக்கம். இபின் பதூதா என்னும் பாத்திரத்தை வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்கின் அம்மதிப்பீடு போதாது என்பது புலனாகும்.

பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தானும் பயணி பதூதாவும் புதைகுழியிலிருந்து உயிருடன் மீண்டதாக நாடு நம்புகிறது. துக்ளக் தேர்தலில் வென்று பிரதமராகிறார். கட்சி மாறி வந்தோர்க்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. மொழிச் சிக்கலுக்குத் தீர்வு பாரசீகம். இவை வெறுங் கற்பனைகள் அல்ல. 1967இல் அரியானாவின் கயாலால் இரு வாரங்களில் மும்முறை கட்சி மாறினார். 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையடுத்து ஆட்சிமொழிச் சட்டம் 1967இல் திருத்தப்பட்டது. பாரசீகமோ தில்லிச் சுல்தான்களின் அரசவை மொழி. ஆகவே துக்ளக் அதனை அறிவிப்பது வரலாற்றுக்கு முற்றிலும் பொருந்துகிறது. அபத்தமாவது, இருபதாம் நூற்றாண்டு அதனை ஏற்றுக்கொள்வதுதான்.

துக்ளக்கைப் பற்றிய ‘பித்தன்’ என்ற படிமத்தைப் படம் ஆராயவில்லை. தலைநகர் மாற்றம், அடையாள நாணயம் ஆகியவற்றின் பின்னிருந்த காரணங்களைப் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் 1964இல் எழுதிய ‘துக்ளக்’ நாடகம் அச்சுல்தானின் இலட்சியங்களுக்குள் புகுந்து பார்த்தது. சோவுக்கு அது தேவைப்படவில்லை. அவரது சுல்தான் உண்மையில் சுல்தானே அல்லன்.

மீண்டெழுந்த இருவரும் நடிப்பவர்களே என்பது பின்னர்த் தெரியவருகிறது. மக்களின் ஏமாளித்தனத்தை வெளிப்படுத்துவதே அவர்களது திட்டம். ஆனால் துக்ளக்காக நடித்தவர் பதவியை விட மறுக்கிறார். உண்மையைக் கூற முற்படும் பதூதாவைத் துரோகி எனச் சுட்டி மக்களின் சினத்திற்குப் பலியாக்குகிறார். இம்முடிவு இல்லையேல் படம் துணுக்குகளின் தொகுப்பாகவே நின்றிருக்கும்.

வரலாற்றில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. தில்லியில் காஜியாகப் பணியாற்றிய பதூதா சுல்தானின் ஐயத்திற்கு ஆளாகிக் காவலில் வைக்கப்பட்டார். எனினும் உயிர் தப்பினார். சீனத்திற்குத் தூதராகவும் அனுப்பப்பட்டார். அப்பயணம் திசைமாறியதில், துக்ளக்கிடமிருந்து பிரிந்து தனியரசான மதுரைச் சுல்தானகத்தையும் கண்டார். (தமிழ் நிலம் அவருக்குப் புதிதன்று என்பதைச் சோவின் ரசிகர்கள் நினைவிற் கொள்ளலாம்.) மொராக்கோ திரும்பிய பின்னர், துக்ளக்கின் கைக்கெட்டாத தொலைவிலிருந்து, அவனது கொடையையும் கொடுமையையும் ஒருசேரச் சொல்லி எழுதுவித்தார். அந்நூல் 1355இல் நிறைவுற்றது. அப்போது சுல்தான் இறந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. சர்வாதிகாரச் சுல்தானிடமிருந்து தப்பிய சாட்சி, சோவின் படத்தில் வாக்களித்த மக்களிடமிருந்து தப்பவில்லை.