அடுக்கு மாதிரிப் பங்கீடு

ஓரளவு ஒரே தன்மையுள்ள அலகுகளை அடுக்குகளாகப் பிரித்து மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தும்போது, எந்த அடுக்கிலிருந்து எத்தனை அலகுகளை எடுப்பது என்பதைச் செலவையும் துல்லியத்தையும் எடைபோட்டு முடிவுசெய்யும் முறை.

நார்வேயின் ஆண்டர்ஸ் கியேர் 1895-இல் பெர்ன் நகரில் மாதிரி முறைக்காக வாதாடினார். தொடக்கக் காலத்தில், அடுக்கு பெரிதானால் மாதிரியும் பெரிது என்ற விகிதாச்சாரப் பங்கீடே இயல்பாகத் தோன்றியது. நியாயமாகப் படும் இம்முறை பல சமயம் பணத்தை வீணாக்கும். ரஷ்யரான அலெக்சாண்டர் சுப்ரோவ் 1923-இல் இதற்கு மாற்று கண்டார். அதை அப்போது கவனித்தவர்கள் குறைவு. 1934-இல் யெர்சி நெய்மன் லண்டனில் வாசித்த கட்டுரையே அதைப் பரப்பியது. முதலில் கண்டவர் சுப்ரோவ் என்பதைப் பின்னாளில் நெய்மனே 1952-இல் அச்சில் ஒப்புக்கொண்டார்.

விதி இதுதான்: அடுக்கின் அளவை அதன் திட்ட விலக்கத்தால் (மதிப்புகள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவால்) பெருக்கி, அந்த விகிதத்தில் மாதிரியைப் பிரிக்க வேண்டும். 9,000 சிறு கடைகளின் விற்பனையில் திட்ட விலக்கம் 10, 1,000 பெரிய கடைகளில் 90 என்று வைத்துக்கொள்வோம். 400 கடைகளை விகிதாச்சாரப்படி எடுத்தால் 360, 40. நெய்மன் முறையில் 200, 200. முதல் பங்கீடு தரும் துல்லியத்தை இரண்டாவது முறை ஏறத்தாழ 144 கடைகளிலேயே தந்துவிடும். ஒரு பெரிய கடையில் விவரம் திரட்ட நான்கு மடங்கு செலவாகுமானால், செலவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அப்போது சிறு கடைகளுக்கும் பெரிய கடைகளுக்கும் உள்ள விகிதம் 2:1 ஆகும். செலவு நான்கு மடங்கானாலும், சிறு கடைகளோடு ஒப்பிட்டால் பெரிய கடைகளின் எண்ணிக்கை பாதியாகத்தான் குறைகிறது.

திட்ட விலக்கம் முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? சிறு முன்னோட்ட மாதிரியிலிருந்து கிடைக்கும் உத்தேச மதிப்பே பெரும்பாலும் போதும் என்று பி. வி. சுகாத்மே 1935-இல் காட்டினார்.

செலவை வெறும் குறியீடாக விடாமல் களத்தில் அளந்தவர் இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ். 1937-இல் தொடங்கிய வங்காளச் சணல் கணக்கெடுப்பில், பணியாளர் வயலைப் பார்க்க ஆகும் நேரம், ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நடக்கும் நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட்டார். அவர் தேடியது அடுக்குப் பங்கீட்டை மட்டுமல்ல. மாதிரியாக எடுக்கும் நிலக் கட்டம் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு நெருக்கமாக இருக்கலாம் என்பதையும்தான். அவரது 1944 கட்டுரை இதை விரிவாகப் பேசுகிறது.

ஒரே கணக்கெடுப்பில் வருமானம், நிலம், கடன் எனப் பலவற்றைக் கேட்டால் சிக்கல் கூடும்: ஒன்றுக்குச் சிறந்த பங்கீடு மற்றொன்றுக்கு மோசமாகலாம். கோக்கனும் கானும் 1967-இல் இதற்கு வேறு வழி வகுத்தனர்: ஒவ்வொரு விவரத்துக்கும் பொறுக்கக்கூடிய பிழையின் உச்சவரம்பை முதலில் வைத்துவிட்டு, அதற்குள் மிகக் குறைந்த செலவைத் தேடுவது.